வெள்ளிக்கிழமை மரக்கறிச் சோறு

நோன்பை விட்டதும் விட்டோம், ஒரு கோழிக்கறிக்காவது விட்டிருக்கலாம். அன்று நானும் காக்காவும் சாப்பிட்டது பூசணிக்காய்க் கறியும் பருப்பும் சொதியும். அடுத்த ஊரான காரைதீவில் அந்தச் சாப்பாட்டுக் கடையை வைத்திருந்த அக்கா வெள்ளிக்கிழமைகளில் மீன் சட்டியைத் தொடமாட்டார். இது காக்காவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஜும்ஆத் தொழுகையையே மறக்கத் துணிந்தவர் மரக்கறியை மட்டும் எப்படி நினைவில் வைத்திருப்பார்?

எனக்கு அப்போது ஒன்பது வயது. காக்காவுக்குப் பதினேழு. எங்கள் ஊர்களில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். வாப்பா பள்ளிவாசலில் மோதினார். ஐந்து வேளையும் பாங்கு சொல்வது அவர் பொறுப்பு. நோன்பு மாதத்தில் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வரிசையில் நிற்கிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவதும் அவரே. எங்கள் பகுதி முழுவதும் அவருடைய குரலைக் கேட்டுத்தான் பேரீச்சம்பழத்தை வாயில் வைக்கும். அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டும், ஊரே தொழுகையில் இருந்த நேரத்தில், அடுத்த ஊருக்குப் போய்ச் சோறு தின்றுவிட்டு வந்தன என்றால் அது லேசான விஷயம் இல்லை.

கச்சான் காற்று அடிக்கும் காலம் அது. மேற்கே வயல்வெளியிலிருந்து வரும் அந்தச் சூட்டில் காலை பத்து மணிக்கே நாக்கு வறண்டுவிடும். பாடசாலைக்கு நோன்பு விடுமுறை. அந்த வருடம்தான் நான் முதன்முதலாக முழு மாதமும் நோன்பு பிடிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். பதினொன்று பிடித்து முடித்திருந்தேன். வாப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கஞ்சிக்கு வருகிறவர்களிடமெல்லாம் அகப்பையை அந்தரத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு இதைச் சொல்வாராம். முப்பதும் பிடித்தால் பெருநாளைக்குக் குதி உயர்ந்த வெள்ளைச் செருப்பு என்று பேச்சு. அக்கரைப்பற்றில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் அந்தச் செருப்பை நான் முன்னமே பார்த்து வைத்திருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை, மாமியிடம் இரவல் வாங்கிய இடியப்பத் தட்டுகளைக் கொடுத்துவிட்டு வரும்படி உம்மா என்னை அனுப்பினா. காக்கா என்னைச் சைக்கிளில் மாமி வீட்டில் இறக்கிவிட்டு அப்படியே ஜும்ஆவுக்குப் போவார் என்பது ஏற்பாடு. அவர் தன் உதைபந்தாட்டக் கழகத்தின் நீல ஜேர்சியைப் போட்டிருந்தார். ஊரில் இருபது பையன்களிடமாவது அதே ஜேர்சி இருந்தது. மாமி வீட்டுக்குத் திரும்பும் குறுக்குத்தெரு வந்தது. சைக்கிள் திரும்பவில்லை.

"எங்க போறம்?"

"ஒரு அலுவல் இரிக்கி. தட்ட இறுக்கிப் புடி."

இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு சின்னப் பாலம் உண்டு. அதன் மேல் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, காக்கா எனக்கு மார்க்கத் தீர்ப்பு ஒன்று வழங்கினார்.

"பயணத்துல இரிக்கிறவங்க நோன்ப உடலாம். மறுகா வேற நாள்ல புடிச்சிக் கழாச் செஞ்சாச் சரி. ஓதப் போற இடத்துல சொல்லித் தரல்லயா உனக்கு?"

"நாம பயணத்துலயா இரிக்கம்?"

"பாலம் கடந்தா வேற பிரதேச சபை. வேற பிரதேச சபைக்குப் போறது பயணம் இல்லாம என்னது?"

எனக்கு இது மிகச் சரியாகப் பட்டது. பயணியென்று ஆவதற்கு மட்டக்களப்புக்குப் போய், அதே அளவு தூரம் இன்னும் போக வேண்டும் என்று பின்னாளில் படித்தேன். ஆனால் பதினொரு நாள் பட்டினி கிடந்த ஒன்பது வயதுக்கு, பாலத்துக்கு அந்தப் பக்கம் பயணம்தான். காக்கா சட்டம் படித்திருந்தால் நன்றாக வந்திருப்பார் என்று இப்போதும் நினைப்பேன். அந்த மூளை பிறகு ஒன்றுக்கும் உதவாமல் போனது வேறு கதை.

கடையின் பின்பக்கத்தில் ஒரு பழைய சேலை திரையாகக் கட்டியிருந்தது. நோன்பு காலத்தில் பகலில் வருகிற எங்கள் ஊர்க்காரர்களின் மானத்துக்காக அந்த அக்கா செய்திருந்த ஏற்பாடு அது. சேலைக்கு உள்ளே ஏற்கனவே ஒருவர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவரும் எங்களைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பதுதான் சேலைக்குப் பின்னால் நடைமுறையில் இருந்த ஒரே சட்டம்.

அக்காவுக்குக் காக்காவை நன்றாகத் தெரிந்திருந்தது. "இண்டைக்குத் தங்கச்சியையும் கூட்டி வந்திட்டீங்களோ தம்பி? பிள்ளை வாடிப்போய் நிக்குது, முதல்ல தண்ணியக் குடுங்க," என்றா. நான் குடித்தேன். அந்தத் தண்ணீரின் ருசி இன்னும் தொண்டையில் இருக்கிறது. சாப்பிடும்போது அவசரத்தில் என் கை பட்டுச் சொதிக் கிண்ணம் காக்காவின் மடியில் கவிழ்ந்தது. நீல ஜேர்சியில் வயிற்றுப் பக்கம் முழுவதும் மஞ்சள். காக்கா ஏசவில்லை, சிரித்துவிட்டுத் தண்ணீரால் துடைத்தார். கடைச் சுவரில் இருந்த மணிக்கூடு அப்போது ஒரு மணியைத் தாண்டியிருந்தது. அந்த மணிக்கூட்டை நான் பார்த்தேன் என்பது இந்தக் கதையில் முக்கியமான விஷயம்.

திரும்பி வரும்போது அதே பாலத்தில் சைக்கிள் மறுபடியும் நின்றது. இந்த முறை தீர்ப்பு இல்லை, சத்தியம். அல்லாஹ் மேல் ஆணையாக யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று மூன்று தரம் சொல்ல வைத்தார். நான் நான்கு தரம் சொன்னேன். எனக்கும் அந்த வெள்ளைச் செருப்புப் போய்விடும் என்ற பயம் இருந்ததே.

பிரதான வீதிக்கு வந்தால் டயர் எரிந்து கரும்புகை. முந்தின மாரியில் கடல் எங்கள் கரையைத் தின்றிருந்தது. மீனவர்களுடைய வாடிக் குடிசைகள் வரிசையாகத் தண்ணீருக்குள் போயிருந்தன. கல் போட்டுக் கரையைக் காப்பதாக வாக்குக் கொடுத்தவர்கள் அதற்குப் பிறகு கண்ணில் படவில்லை. அதனால் அந்த வெள்ளிக்கிழமை, கடற்கரைப் பள்ளிவாசலில் ஜும்ஆ முடிந்ததும், மீனவர்கள் அங்கிருந்தே ஊர்வலமாக வந்து வீதியை மறித்தார்கள். அமைதியாகத்தான் வந்தார்களாம். ஒரு மணிக்கும் ஒன்றரைக்கும் இடையில் யாரோ கல்லெறிந்து பொலிஸ் ஜீப்பின் முன்கண்ணாடி உடைந்தது. ஒரு பொலிஸ்காரருக்கு நெற்றியில் தையல். இதெல்லாம் நாங்கள் அன்று பின்னேரம் கேள்விப்பட்டது. அப்போது காக்கா சைக்கிளைத் திருப்பி வயல் பக்கத்துப் பாதையால் சுற்றிப்போய், மாமி வீட்டில் தட்டுகளைக் கொடுத்துவிட்டு, என்னை வீட்டில் சேர்த்தார்.

பின்னேரம் காக்கா கிணற்றடியில் தன் ஜேர்சியைத் தானே சவர்க்காரம் போட்டுக் கழுவினார். உம்மா அதைப் பார்த்து வாயில் கை வைத்தா. பிறந்த நாள் முதல் ஒரு கைக்குட்டைகூடக் கழுவாத பிள்ளை. "இண்டைக்கு மழதான் பெய்யப் போகுது," என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கச் சொன்னா. நோன்பு திறக்கும் நேரம் வாப்பாவின் பாங்கு ஒலிபெருக்கியில் கேட்டது. பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தேன். தொழுதுவிட்டு வந்த வாப்பா என் முகத்தைப் பார்த்து, பன்னிரண்டாவது நோன்பிலும் பிள்ளைக்குக் களைப்பே இல்லை என்று மகிழ்ந்துபோனார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் சனிக்கிழமை, அஸர் முடிந்து வாப்பா கஞ்சிக் கிடாரத்தடிக்குப் போவதற்குமுன் தொப்பியை மாற்ற வீட்டுக்கு வந்திருந்த நேரம், எங்கள் தெருவுக்குள் ஜீப் வந்தது. கண்ணாடி உடைந்த ஜீப் இல்லை, வேறு. ஒரு சார்ஜன்ட், ஒரு கான்ஸ்டபிள். சார்ஜன்டுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். கான்ஸ்டபிள் தமிழர், நடுத்தர வயது, பேச்சில் மரியாதை இருந்தது. கல்லெறிந்தது நீல ஜேர்சி போட்ட பையன் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். காலையிலிருந்து நீல ஜேர்சி இருந்த வீடுகளுக்கெல்லாம் போய் வந்திருந்தார்கள். ஒருவன் தன் தகப்பனோடு கடையில் நின்றிருந்தான், ஒருவன் காய்ச்சலில் கிடந்திருந்தான், ஒருவன் அம்பாறைக்குப் போயிருந்தான். ஒவ்வொருவனுக்கும் சாட்சி சொல்ல ஆள் இருந்தது. எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். எங்கே நின்றாய் என்றால் ஓரிடம் சொல்ல வேண்டும், அதை ஒருவர் ஆமென்று சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டு முற்றத்தில் கொடியில் நீல ஜேர்சி கச்சான் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"நேத்து மத்தியானம் ஒரு மணிக்கு எங்க தம்பி நிண்டீங்க?" என்று கான்ஸ்டபிள் கேட்டார்.

காக்கா வாப்பாவைப் பார்த்தார். வாப்பா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஜும்ஆல."

"எந்தப் பள்ளி? வாப்பாட பள்ளியா?"

வாப்பாவின் பள்ளி என்று சொல்ல முடியாது. வாப்பா அங்கேயே நிற்கிறார். தன் பள்ளியில் எந்தத் தூணடியில் யார் இருந்தார்கள் என்று அவருக்குத் தெரியும். காக்காவின் மூளை வேறொரு பள்ளியைத் தேடி ஓடியது. வாப்பா போகாத பள்ளி, வாப்பாவால் இல்லையென்று சொல்ல முடியாத பள்ளி.

"கடற்கரைப் பள்ளில."

கான்ஸ்டபிள் உடனே சிங்களத்தில் சொல்லவில்லை. கொஞ்சம் நின்றார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க தம்பி," என்றார். இன்று யோசித்தால், அந்த மனிதர் ஒரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். அந்த நேரம்தான் காக்கா திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் வாசற்படியில் நின்றேன். அவர் பார்த்த பார்வை எனக்குப் புரிந்தது. சத்தியத்தை மறந்துவிடாதே என்கிறார். வாயைத் திறக்காதே என்கிறார். நான் இரண்டு உதடுகளையும் பல்லால் கடித்துக்கொண்டேன். இப்படியொரு பெரிய விஷயத்தை என்னை நம்பி ஒப்படைத்திருக்கிறாரே என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

காக்கா மறுபடியும் சொன்னார், கடற்கரைப் பள்ளி என்று. சார்ஜன்ட் கொடியருகே போய் ஜேர்சியைத் தொட்டுப் பார்த்தார். யார் கழுவியது என்று கேட்டார். உம்மா கதவுக்குப் பின்னாலிருந்து, மகனுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்கும் ஆசையில், முந்திக்கொண்டு பதில் சொன்னா.

"அவன்தான் சேர் கழுவின. ஒரு நாளும் கழுவாத புள்ள, நேத்து தன்ட கையாலயே கழுவினான்."

கான்ஸ்டபிள் இதையும் சிங்களத்தில் சொன்னார். சார்ஜன்ட் தலையை ஆட்டினார். ஜேர்சியை மடித்து ஒரு சொப்பின் பைக்குள் போட்டார்கள்.

"என்ன குத்தத்துக்கு சேர் கொண்டு போறீங்க?" என்று வாப்பா கேட்டார். பாங்கு சொல்லும் குரல் அது, தெரு முனைவரை கேட்கும் குரல். அன்று முற்றத்தைத் தாண்டவில்லை.

"விசாரிச்சிட்டு அனுப்புவம் நானா. பயப்படாதீங்க," என்று கான்ஸ்டபிள் அண்ணன் முறை வைத்துச் சொன்னார்.

ஜீப்பில் ஏறும்போது காக்கா இன்னொரு தரம் திரும்பி என்னைப் பார்த்தார். கவலைப்படத் தேவையில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டுமே. நான் விரலை உதட்டின்மேல் வைத்துக் காட்டினேன்.

வாப்பா தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனார். கஞ்சி ஊற்றினார். நேரத்துக்குப் பாங்கு சொன்னார். அதற்குப் பிறகுதான் பொலிஸுக்கு ஓடினார். காக்கா அனுப்பப்படவில்லை. மறுநாள் நீதவான் வீட்டில் முன்னிலைப்படுத்தி, விளக்கமறியல் என்று தூரத்தில் ஒரு சிறுவர் தடுப்பு இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். பதினெட்டு நிறையாததால் பெரியவர்களோடு வைக்கவில்லை என்றார்கள். அதை ஒரு சலுகை போலச் சொன்னார்கள்.

திங்கட்கிழமை ஒரு பெண் சட்டத்தரணி வீட்டுக்கு வந்தா. உம்மாவுக்குத் தூரத்து உறவு. கறுப்புக் கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தா. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அந்தப் பேச்சு அப்போது எனக்குப் பாதிதான் விளங்கியது. ஆனால் ஒரு சொல் தவறாமல் நினைவில் இருக்கிறது.

"பொலிஸ் ஒராள புடிக்கிறதெண்டா நியாயமான சந்தேகம் இரிக்கணும்," என்றா. "நீலச் சட்ட போட்டது ஒரு சந்தேகமா? ஊர்ல இருவது பேர் போடுறான். சட்டய கழுவினது சந்தேகமா? கழுவாம உடுத்தா? இது ரெண்டும்தான் எண்டா நான் இண்டைக்கே கோட்ல கேட்டிருப்பன், என்ன காரணத்துக்கு இந்தப் புள்ளய புடிச்ச எண்டு. ஆனா இவன் தன்ட வாயால சொல்லிப்போட்டான், கடற்கரைப் பள்ளில நிண்ட எண்டு. ஊர்வலம் வெளிக்கிட்டதே அங்கதான். பொலிஸுக்கிட்டச் சொன்னது பின்னுக்கு வழக்கு விளக்கத்துல செல்லுபடியாகாது. ஆனா புடிக்கிறதுக்கு அதுவே காணும், வேற ஒண்டும் தேவல்ல."

"அவன் அங்க தொழத்தான் போயிருப்பான்," என்றார் வாப்பா.

"அங்க தொழுதவங்க நாலு பேரக் கேட்டன். ஒருத்தரும் இவனக் காணல்ல எண்டாங்க. அப்ப பொலிஸ் என்ன சொல்லும்? தொழவும் வரல்ல, வெளியால கல்லோட நிண்டான் எண்டு சொல்லும். போதாக்குறைக்கு ஜீப்பு பொதுச் சொத்து. அந்தச் சட்டத்துல போட்டா பிணை லேசில இல்ல." குரலைத் தணித்தா. "மோதினார், இவன் வேற எங்கயும் நிண்டானா? எங்க எண்டாலும் பரவால்ல. எவ்வளவு கெட்ட இடமா இருந்தாலும் சொல்லுங்க. ஒரு மணிக்கு இவனக் கண்ட ஒராள் கிடைச்சா, நான் இண்டைக்கே வெளிய எடுப்பன்."

வாப்பாவுக்கு அப்படியொரு இடம் தெரியாது. என் பள்ளியில்தான் இருந்தான் என்று ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். பள்ளி நிர்வாகத்தில் ஒருவர் அப்படிச் சொல்லுங்கள் என்று யோசனைகூடக் கொடுத்தாராம். நோன்போடு பொய் சொல்ல ஏலாது என்று வாப்பா மறுத்துவிட்டார். எங்கள் வீட்டில் நோன்போடு பொய் சொல்லாத ஒரே ஆள் அவர்தான்.

அப்போது சட்டத்தரணியின் கண் என்மேல் விழுந்தது.

"நீங்க சொல்லுங்க புள்ள. காக்காவோட சைக்கிள்ல போன நீங்கதானே? காக்கா எங்க போன?"

மணிக்கூடு கண்முன் வந்தது. சேலை வந்தது. தண்ணீர் வந்தது. வாப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவருடைய பன்னிரண்டு நோன்பு, பதின்மூன்று, பதினான்கு நோன்பு மகளை. உதட்டைக் கடித்து நின்றால் மட்டும் போதாது, காக்காவைக் காப்பாற்ற இன்னும் கொஞ்சம் செய்ய வேண்டும் என்று எனக்குப் பட்டது.

"என்ன மாமி ஊட்ட உட்டுட்டு கடற்கரைப் பள்ளிக்குப் போறன் எண்டு சொல்லிட்டுப் போனார்," என்றேன்.

சட்டத்தரணி ஒரு பெருமூச்சு விட்டு அதை எழுதிக்கொண்டா. மாமியிடம் போய் யாரும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப் போகிறது, வீட்டுப் பிள்ளையே சொல்லிவிட்டதே.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்கள் ஊரின் வேடிக்கை. மோதினார் மகன் தங்களுக்காகக் கல்லெறிந்து உள்ளே போயிருக்கிறான் என்று மீனவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். விடிந்தால் யாராவது ஒருவர் மீனோடு வாசலுக்கு வந்தார். பாரை, சூடை, ஒரு நாள் நல்ல கணவாய். நல்ல பிள்ளையைப் பெற்றிருக்கிறீர்கள் என்று வாப்பாவின் கையைப் பிடித்தார்கள். தன் மகன் அப்படிச் செய்தானா இல்லையா என்று தெரியாத வாப்பா, மீனை வாங்குவதா விடுவதா என்று தடுமாறி வாங்கினார். உம்மா அழுதுகொண்டே மீன் ஆணம் ஆக்கினா. நாங்கள் அதைத்தான் நோன்பு திறந்து சாப்பிட்டோம். இவ்வளவு பேர் இவ்வளவு பெருமையாகச் சொல்லும்போது, அது கல் இல்லை, பூசணிக்காய்க் கறி என்று யார் போய்ச் சொல்வது?

காக்கா ஏழு வாரம் உள்ளே இருந்தார். பிணைக்காக மேல் நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. இடையில் பெருநாள் வந்தது. நான் நோன்பு முப்பதும் பிடித்துவிட்டதாக வீட்டில் கணக்கு. அந்த நிலைமையிலும் வாப்பா சொன்ன சொல் தவறக் கூடாதென்று அக்கரைப்பற்றுக்கு பஸ் ஏறிப் போய் அந்த வெள்ளைச் செருப்பை வாங்கி வந்தார். நான் அதைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்தேன், குதி டொக் டொக்கென்று சத்தம் போட்டது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

வந்த காக்கா வேறு ஆள். மெலிந்திருந்தார் என்பது போகட்டும், சாப்பிட்டால் தேறிவிடும். இடது பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பவில்லை. காதுக்குள் தண்ணீர் போய்விட்டது என்றார். எங்கே போனது, எப்படிப் போனது, பொலிஸிலா, அந்த இல்லத்திலா, ஒன்றும் சொல்லவில்லை. கல்முனை ஆஸ்பத்திரியில் பார்த்த டொக்டர், இது தண்ணீரால் வந்ததில்லை, அடி விழுந்து சவ்வு கிழிந்திருக்கிறது என்று வாப்பாவிடம் தனியாகச் சொன்னார். பாடசாலைக்குத் திரும்பப் போகவில்லை. உதைபந்தாட்டத்துக்கும் போகவில்லை. பத்தொன்பது வயதில் கட்டாருக்கு வேலைக்குப் போனார். வழக்கு அவர் இல்லாமலேயே தவணைக்குத் தவணை இழுபட்டு, மூன்றாம் வருடம் சாட்சியம் போதாதென்று முடிந்தது. அவரைப் பிடித்தது சரியா பிழையா என்று கடைசிவரை எந்த நீதிபதியும் கேட்கவில்லை.

நான் இப்போது ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறேன். நியாயமான சந்தேகம் என்ற சொல்லை வாரத்துக்கு நாலைந்து தடவையாவது அடிக்க வேண்டி வரும். ஒரு நாள் அலுவலகச் செல்வாக்கில் காக்காவின் பழைய வழக்கேட்டின் பிரதியை எடுத்து வாசித்தேன். பொலிஸ் அறிக்கையில் காரணங்கள் வரிசையாக இருந்தன. சந்தேகநபர் சம்பவ இடத்தில் இருந்ததாகத் தானே கூறினார். சந்தேகநபர் தன் உடையை அன்றைய தினமே தானாகக் கழுவியதாகத் தாயார் கூறினார். அவர்கள் ஒன்றையும் இட்டுக்கட்டியிருக்கவில்லை. எல்லாக் காரணங்களையும் நாங்களே எடுத்துக் கொடுத்திருந்தோம். என் பெயர் அதில் இல்லை. அன்று முற்றத்தில் நான் கொடுத்தது மௌனம் மட்டும், அது எழுத்தில் வரக்கூடிய பொருள் இல்லை.

சென்ற வருடம் காக்கா விடுமுறையில் வந்திருந்தார். ஒரு பின்னேரம் கடற்கரைக்குப் போனோம். இப்போது அங்கே கல் போட்டிருக்கிறார்கள். அவருக்கு வலது பக்கமாக உட்கார்ந்தேன். அந்தப் பக்கம்தான் கதைத்தால் கேட்கும். கதை எப்படியோ அந்த வெள்ளிக்கிழமைக்குப் போனது. வாப்பா மௌத்தாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. இனிச் சொன்னால் குற்றமில்லை என்று நினைத்தேன்.

"நான் இண்டைக்கு வரைக்கும் ஆருக்கும் சொல்லல்ல காக்கா," என்றேன். "லோயர் கேட்டும் சொல்லல்ல. உம்மாக்கும் தெரியா. நீங்க அண்டைக்கு என்னப் பாத்தீங்களே, அத நான் மறக்கல்ல."

இதைச் சொல்லும்போது என் குரலில் அந்த ஒன்பது வயதுப் பெருமை இருந்ததை நானே கேட்டேன்.

காக்கா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"நான் பாத்தது என்னத்துக்கு எண்டு நினைச்ச?"

"சொல்லாத எண்டு."

அவர் ஒரு சின்னக் கல்லை எடுத்துக் கையில் உருட்டினார். கோபம் இல்லை, எப்போதும்போல்தான் கதைத்தார்.

"வாப்பாக்கு முன்னால என்ட வாயால சொல்ல எனக்கு ஏலாம இருந்திச்சி புள்ள. நீ சின்னப் புள்ள. நீ சொன்னா ஆரும் பெரிசா எடுக்க மாட்டாங்க, ரெண்டு அடியோட போயிரும் எண்டு நினைச்சன். நீ சொல்லுவாய் எண்டுதான் பாத்துக்கிட்டு நிண்டன். ஜீப்புல ஏறக்குள்ளயும் பாத்தன். நீ வெரல வாயில வெச்சிக்கிட்டு நிண்ட."

அலை கல்லில் மோதித் திரும்பியது. காக்கா நல்ல காதை என் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார்.